வெயிலுக்குப் பூசுவதும் வாய்க்காலில் ஓடுவதும்



கத்திரி வெயில் தொடங்கினால் நமக்கு வரும் கடிதங்களில் பாதி வெயிலைப் பற்றியவையாகவே இருக்கும். இந்த முறை சன்ஸ்கிரீனைப் பற்றி நிறையப் பேர் கேட்டிருக்கிறீர்கள். எஸ்.பி.எஃப். 30 போதுமா, 50 வேண்டுமா, மாநிறமாக இருப்பவர்களுக்கும் தேவைப்படுமா, விளையாட்டு மைதானத்துக்குப் போகும் பிள்ளைக்குப் பூசி அனுப்பலாமா என்று பல கேள்விகள். அவற்றுக்குத் தோல் மருத்துவர்கள் சொல்லும் பதில்கள் உள்பக்கங்களில் இருக்கின்றன. ஒரு கடிதத்தை மட்டும் இந்தப் பக்கத்துக்கென்று எடுத்து வைத்துக்கொண்டேன். வேதியியல் படிக்கும் மாணவி ஒருவர் எழுதியது. “சன்ஸ்கிரீனில் சேர்க்கும் பொருள்களை எப்படித் தயாரிக்கிறார்கள்? அப்போது வரும் கழிவு எங்கே போகிறது?” இரண்டே வரிகள்.

நாம் எல்லோரும் கேட்க வேண்டிய கேள்வி இது. ஒரு பொருள் நம் உடம்புக்கு என்ன செய்யும் என்று கேட்கப் பழகிவிட்டோம். அது உருவான இடத்தில் தண்ணீருக்கும் மண்ணுக்கும் என்ன செய்தது என்று கேட்கும் பழக்கம் இன்னும் முழுதாக வரவில்லை. இந்த விஷயத்தில் வேதியியலாளர்களிடம் ஒரு நல்ல பதில் இருக்கிறது. ஒருமுறை பயன்படுத்தியதும் கழிவாகிப் போகும் அமிலத்துக்குப் பதிலாக, வேலை முடிந்ததும் பிரித்தெடுத்து மறுபடி பயன்படுத்தக்கூடிய திட அமிலம். அதைப் பற்றித்தான் இந்த மாதம் உங்களோடு பேச விரும்புகிறேன்.

முதலில், சன்ஸ்கிரீன் யாருக்கு என்பதில் ஒரு தெளிவு வேண்டும். அதை அழகுப் பொருள்களின் அலமாரியில் சிவப்பழகுக் களிம்புகளோடு சேர்த்து அடுக்கிவிட்டார்கள். அதனால் அது வசதி உள்ளவர்களின் பொருள் என்ற எண்ணம் பரவியிருக்கிறது. வெண்தோல் குறைபாட்டோடு பிறந்தவர்களுக்கும், வெயில் பட்டால் நோய் கிளம்பும் லூபஸ் நோயாளிகளுக்கும் அது அன்றாடத் தேவை. தூத்துக்குடி உப்பளத்தில் நின்று வேலை செய்யும் பெண்ணின் முகத்தில் மேலிருந்து விழும் வெயிலும் படுகிறது, வெள்ளை உப்பில் பட்டுத் திரும்பும் வெயிலும் படுகிறது. சாலை போடுகிறவர்களும் நடுவெயிலில் போக்குவரத்தைச் சரிசெய்யும் காவலர்களும் நம் கண்ணெதிரிலேயே இருக்கிறார்கள். இவர்களுக்கெல்லாம் எட்டும் விலையில் நல்ல பொருள் கிடைக்க வேண்டும். அதைத் தயாரிக்கப்போய் இன்னொரு ஊரின் கிணறு கெட்டுவிடக் கூடாது. இரண்டையும் சேர்த்தே நாம் கேட்க வேண்டும்.

வீட்டில் சன்ஸ்கிரீன் ட்யூப் இருந்தால் எடுத்துப் பின்பக்கம் பாருங்கள். பொடி எழுத்தில் ஒரு பட்டியல் இருக்கும். ‘பியூட்டைல் மெத்தாக்சிடைபென்சாயில்மீத்தேன்’ என்று இருந்தால் அது அவோபென்சோன். ‘எதில்ஹெக்சில் மெத்தாக்சிசின்னமேட்’ என்பது ஆக்டினாக்சேட். ‘எதில்ஹெக்சில் சாலிசிலேட்’ என்பது ஆக்டிசலேட். ஹோமோசலேட் பெரும்பாலும் அதே பெயரில் இருக்கும். ‘டைட்டானியம் டையாக்சைடு’ அல்லது ‘சிங்க் ஆக்சைடு’ இருந்தால் அவை தாதுப் பொடிகள்.

சூரியனிலிருந்து வரும் புற ஊதாக் கதிர்களில் 280 முதல் 315 நானோமீட்டர் வரை அலைநீளம் உள்ளவை யு.வி.பி. தோலைச் சிவக்கவைத்து எரியச் செய்வதில் இவற்றுக்கே பெரும் பங்கு. 315 முதல் 400 வரை உள்ளவை யு.வி.ஏ. இவை தோலின் ஆழம்வரை இறங்குகின்றன, ஜன்னல் கண்ணாடியையும் பெருமளவு கடந்து வருகின்றன. ஆக்டினாக்சேட் 310 நானோமீட்டரை ஒட்டிய கதிர்களை அதிகம் உறிஞ்சும். அவோபென்சோன் 357ஐ ஒட்டியவற்றை உறிஞ்சும். கதிரின் ஆற்றலை வாங்கிச் சிறு வெப்பமாக மாற்றிவிடுவதுதான் இந்த மூலக்கூறுகளின் வேலை. இவை ஒவ்வொன்றும் கதிர்களில் ஒரு பகுதியையே அதிகம் உறிஞ்சுவதால்தான் பட்டியலில் பல பெயர்கள் இருக்கின்றன.

இவற்றில் அவோபென்சோன் உருவாகும் கதையை நெருங்கிப் பார்க்கலாம். அதற்கான மூலப்பொருள்களில் ஒன்று 4-மெத்தாக்சி அசிட்டோஃபீனோன். அனிசோல் என்ற, சோம்பு வாசனை வீசும் திரவத்தோடு ஓர் அசிட்டைல் தொகுதியைச் சேர்த்தால் அது கிடைக்கும். இப்படிச் சேர்க்கும் வழியை 1877இல் பாரிஸில் கண்டுபிடித்தவர்கள் சார்ல்ஸ் ஃபிரீடலும் அமெரிக்கரான ஜேம்ஸ் கிராஃப்ட்ஸும். கல்லூரி வேதியியல் புத்தகத்தில் ஃபிரீடல்-கிராஃப்ட்ஸ் வினை என்று படித்திருப்பீர்கள். அலுமினியம் குளோரைடு அதன் வினையூக்கி என்றும் எழுதியிருப்போம்.

வினையூக்கி என்றால் வினையை விரைவுபடுத்திவிட்டுத் தான் மாறாமல் மீள வேண்டும். இந்த வினையில் அலுமினியம் குளோரைடு மீள்வதில்லை. உருவாகும் 4-மெத்தாக்சி அசிட்டோஃபீனோன் ஒரு கீட்டோன். அந்தக் கீட்டோனில் உள்ள ஆக்சிஜனை அலுமினியம் குளோரைடு இறுகப் பிடித்துக்கொள்கிறது. ஒவ்வொரு கீட்டோன் மூலக்கூறும் ஓர் அலுமினியம் குளோரைடைப் பிடித்து வைத்துக்கொள்வதால், வினை முடிவுவரை போக வேண்டுமானால் விளைபொருளுக்குச் சமமான எண்ணிக்கையில், அதற்குக் கொஞ்சம் கூடுதலாகவே, அலுமினியம் குளோரைடு போட வேண்டும். எடைக் கணக்கில், ஏறத்தாழ 1 கிலோ விளைபொருளுக்கு 1 கிலோ. கடைசியில் கீட்டோனை விடுவிக்க மொத்தத்தையும் தண்ணீரில் கொட்டுகிறார்கள். அலுமினியம் குளோரைடு அப்போதே சிதைந்துவிடும். ஹைட்ரோகுளோரிக் அமிலமும் அலுமினிய உப்புகளும் கலந்த தண்ணீர் மிஞ்சும். வினையைக் குளோரின் கலந்த கரைப்பானில் நடத்துவதால் அதன் மிச்சமும் அந்தத் தண்ணீரில் இருக்கும்.

பிரான்ஸின் ரோன்-பூலாங்க் நிறுவனம், அதன் வேதிப்பொருள் பிரிவே பின்னாளில் ரோடியா ஆனது, 1990களில் இந்த வினையை வேறு விதமாக நடத்திக் காட்டியது. அலுமினியம் குளோரைடுக்குப் பதில் பீட்டா ஜியோலைட் என்ற திட அமிலம். அசிட்டைல் தொகுதியைத் தருவதற்குப் பழைய முறையின் அசிட்டைல் குளோரைடுக்குப் பதில் அசிட்டிக் அன்ஹைட்ரைடு. கரைப்பானே இல்லை. ஜியோலைட் மணிகள் அடைத்த படுகை வழியாக அனிசோலும் அன்ஹைட்ரைடும் போகின்றன. வெளியே வரும்போது கீட்டோனும் அசிட்டிக் அமிலமும் இருக்கின்றன. அசிட்டிக் அமிலம் வினிகரில் இருப்பதுதான், வேறு வேலைக்கும் உதவும். வினைபுரியாமல் மிஞ்சும் அனிசோலை வாலைவடித்து மறுபடி உள்ளே அனுப்பிவிடலாம். ஜியோலைட் இருந்த இடத்திலேயே இருக்கிறது.

பசுமை வேதியியலின் முன்னோடிகளில் ஒருவரான ரோஜர் ஷெல்டனும் அவருடைய சகாக்களும் தங்கள் நூலில் இரண்டு முறைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டியிருக்கிறார்கள். பழைய முறையில் 1 கிலோ விளைபொருளுக்கு 4.5 கிலோ கழிவுநீர். புதிய முறையில் 0.035 கிலோ, அதாவது 35 கிராம். அதிலும் 99 சதவீதம் வெறும் தண்ணீர், 0.8 சதவீதம் அசிட்டிக் அமிலம். விளைச்சல் 85-95 சதவீதத்திலிருந்து 95க்கு மேல் ஏறியது. தொழிற்சாலையில் செய்ய வேண்டிய செயல்படிகள் 12லிருந்து 2ஆகக் குறைந்தன. 12 படிகள் என்றால் நடுநிலையாக்குதல், கழுவுதல், அடுக்குகளைப் பிரித்தல், கரைப்பானை மீட்டல் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கலன், ஒரு பம்ப், கொஞ்சம் நீராவி, அமில ஆவியின் நடுவே நிற்கும் சில மனிதர்கள். அவற்றில் 10 படிகள் இல்லாமலே போய்விட்டன. சுற்றுச்சூழலைக் காக்க நினைத்தால் தொழில் நொடித்துப்போகும் என்று சொல்கிறவர்களுக்கு இந்த எண்களைக் காட்டலாம். கழிவு குறைந்தது, விளைச்சல் கூடியது, வேலையும் சுருங்கியது.

ஜியோலைட் எப்படி இதைச் செய்கிறது? 1756இல் சுவீடன் நாட்டுக் கனிமவியலாளர் ஆக்செல் கிரான்ஸ்டெட் ஒரு கனிமத்தைச் சூடாக்கியபோது அதற்குள்ளிருந்து நீராவி பொங்கி வந்ததைக் கண்டு அதைத் தனி வகையாக எழுதிவைத்தார். அந்தக் குடும்பம்தான் ஜியோலைட். மகாராஷ்டிரத்தில் புனே, நாசிக் பக்கம் தக்காணத்து எரிமலைப் பாறைகளின் பொந்துகளில் அழகழகான ஜியோலைட் படிகங்கள் கிடைக்கின்றன. உலகத்து அருங்காட்சியகங்களில் அவை இடம்பெற்றிருக்கின்றன. தொழிற்சாலைக்கு வேண்டியதைப் பெரும்பாலும் செயற்கையாகவே செய்துகொள்கிறார்கள். பீட்டா வகையை அமெரிக்காவின் மொபில் நிறுவனத்தார் 1960களில் உருவாக்கினார்கள்.

சிலிக்கானும் ஆக்சிஜனும் கோத்துக் கட்டிய சட்டகம் அது. உள்ளே ஒரே அளவான துளைகள் ஓடும். பீட்டாவில் ஒரு துளையின் அகலம் ஏறத்தாழ ஒரு நானோமீட்டரில் மூன்றில் இரண்டு பங்கு. நானோமீட்டர் என்பது மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. அனிசோல் போன்ற மூலக்கூறு உள்ளே நுழைந்து திரும்ப அந்த இடம் போதும். சட்டகத்தில் அங்கங்கே சிலிக்கானின் இடத்தில் அலுமினியம் அமர்ந்திருக்கும். அப்படி அமர்ந்த ஒவ்வோர் இடத்திலும் ஓர் எதிர்மின் சுமை மிஞ்சும். அதை ஈடுகட்ட ஒரு ஹைட்ரஜன் அயனி ஒட்டிக்கொண்டிருக்கும். அமிலத் தன்மை என்பது அந்த அயனிதான். சட்டகத்தை விட்டு அது தண்ணீரில் ஓடிப்போகாது, வருகிற மூலக்கூறுக்கு வேலை செய்துவிட்டு அங்கேயே இருக்கும். தயிரைக் கடைந்து வெண்ணெய் திரண்டதும் மத்தைக் கழுவி ஆணியில் மாட்டுகிறோம், மறுநாளும் அதே மத்துதான். வினையூக்கி என்ற சொல்லுக்கு முழுத் தகுதி உடையது இப்படிப்பட்ட பொருளே.

அடுத்தது எஸ்டர்கள். ஆக்டினாக்சேட், ஆக்டிசலேட், ஹோமோசலேட் மூன்றும் எஸ்டர்கள், அதாவது ஓர் அமிலமும் ஓர் ஆல்கஹாலும் இணைந்து, நடுவிலிருந்து தண்ணீர் வெளியேறிப் பிறந்தவை. இந்தக் குடும்பம் நமக்குப் புதியதில்லை. நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் கச்சோலக் கிழங்கின் மணத்துக்கு முக்கியக் காரணம் எதில் மெத்தாக்சிசின்னமேட். ட்யூபில் இருக்கும் எதில்ஹெக்சில் மெத்தாக்சிசின்னமேட்டுக்கு நெருங்கிய உறவு. புற ஊதாக் கதிரை உறிஞ்சும் நடுப்பகுதி இரண்டிலும் ஒன்றே. வால் மட்டும் நீளமாக இருப்பதால் ட்யூபில் இருப்பது எண்ணெயில் நன்றாகக் கலக்கும், தண்ணீரில் எளிதில் கரையாது. இதைப் படித்துவிட்டுக் குளியல் பொடியில் கச்சோலம் சேர்த்தால் சன்ஸ்கிரீன் ஆகிவிடும் என்று தயவுசெய்து எண்ணிவிடாதீர்கள். தோலின் மேல் சீராகப் பரவி, அளவு குறையாமல் நின்றால்தான் காப்பு. அதேபோல் நீலகிரியில் விற்கும் விண்டர்கிரீன் தைலத்தில் பெரும்பகுதி மெத்தில் சாலிசிலேட். வலித் தைலங்களில் அடிக்கும் அந்த வாசனை இதனுடையதே. அதன் மெத்தில் பகுதியை எடுத்துவிட்டு நீளமான ஆல்கஹால் ஒன்றைக் கோத்தால் ஆக்டிசலேட் வரும். வேறொரு வளைய ஆல்கஹாலைக் கோத்தால் ஹோமோசலேட்.

அமிலத்தையும் ஆல்கஹாலையும் இணைக்க எமில் ஃபிஷரும் ஆர்த்தர் ஸ்பையரும் 1895இல் காட்டிய வழி இன்றும் கல்லூரி ஆய்வகங்களில் நடக்கிறது. கொஞ்சம் கந்தக அமிலம் விட்டுக் காய்ச்சுவதுதான் அது. வினை நன்றாகவே நடக்கும். முடிந்தபின் அந்தக் கந்தக அமிலம் விளைபொருளோடு கலந்து நிற்கிறது. சோடா சேர்த்து நடுநிலையாக்கித் தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். 1 கிலோ கந்தக அமிலத்தை இப்படி நடுநிலையாக்கினால் ஏறத்தாழ 1.45 கிலோ சோடியம் சல்ஃபேட் உப்பு பிறக்கும். அமிலம் ஒருமுறை வேலை செய்துவிட்டு உப்பாகிப் போயிற்று. அடுத்த முறைக்குப் புது அமிலம், அதற்கும் ஒரு பங்கு உப்பு.

உப்புத் தண்ணீர் என்றால் என்ன என்று திருப்பூர்க்காரர்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. சாயப் பட்டறைகளில் போடும் கிளாபர் சால்ட் என்பதும் இதே சோடியம் சல்ஃபேட்தான். சாயக் கழிவும் உப்பும் நொய்யலில் இறங்கி, ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கி, சுற்றுவட்டாரத்தில் விவசாயத்தையும் கிணறுகளையும் கெடுத்த வரலாறு நம்முடையது. துளிக் கழிவும் வெளியேற்றாத நிலையை எட்டாத பட்டறைகளை மூடச் சொல்லி 2011இல் சென்னை உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது. அதன்பின் எதிர்ச் சவ்வூடுபரவல் முறையும் ஆவியாக்கும் கலன்களும் எவ்வளவு செலவும் மின்சாரமும் தின்கின்றன என்பதை அங்குள்ள தொழில்முனைவோர் அனுபவத்தில் அறிவார்கள். நிறத்தை எடுத்துவிடலாம், நாற்றத்தைப் போக்கிவிடலாம். கரைந்த உப்பை எடுப்பதுதான் பெரும்பாடு. வந்த உப்பைப் பிரிப்பதைவிட உப்பே வராமல் வினையை நடத்துவது மேல். திட அமிலத்தின் பக்கம் நான் இவ்வளவு ஆர்வமாக நிற்பதற்கு இதுவே காரணம்.

எஸ்டருக்கு உதவும் திட அமிலங்கள் பல. பாலிஸ்டைரீன் மணிகளில் சல்ஃபோனிக் அமிலத்தைக் கோத்த பிசின்கள் பல ஆண்டுகளாகத் தொழிற்சாலைகளில் இருக்கின்றன. சிறு குண்டுமணிகளாக இருப்பதால் வடிகட்டுவது சுலபம். 120 டிகிரி செல்சியஸை ஒட்டிய சூட்டுக்கு மேல் பெரும்பாலானவை தாங்காது. அதற்கும் மேலே போக வேண்டுமானால் சல்ஃபேட் ஏற்றிய சிர்கோனியா (சிர்கோனியம் ஆக்சைடு) போன்றவை உண்டு. 1979இல் ஜப்பானியர்களான ஹினோவும் அராட்டாவும் அதன் அபாரமான அமில வலிமையை எடுத்துக்காட்டிய பிறகு உலகெங்கும் அதில் ஆய்வுகள் பெருகின.

அதை ஒரு சாதாரணக் கல்லூரி ஆய்வகத்திலும் செய்யலாம். சிர்கோனியம் உப்புக் கரைசலில் அம்மோனியாவைச் சொட்டுச் சொட்டாக விட்டால் கஞ்சி போல வெள்ளை வீழ்படிவு இறங்கும். அதை வடிகட்டி, குளோரைடு நீங்கும்வரை காய்ச்சி வடித்த நீரால் கழுவ வேண்டும். நீங்கிவிட்டதா என்று பார்க்க, வடிநீரில் கொஞ்சம் எடுத்து ஒரு சொட்டு சில்வர் நைட்ரேட் விடுவார்கள். வெண்மையாகக் கலங்கினால் இன்னும் கழுவ வேண்டும். தெளிவாக நின்றால் போதும். பன்னிரண்டாம் வகுப்பு செய்முறையில் உப்பைக் கண்டுபிடிக்கச் செய்தோமே, அதே சோதனை. பிறகு வீழ்படிவை உலர்த்திப் பொடித்து, நீர்த்த கந்தக அமிலத்தில் ஊறவைத்து, மறுபடி உலர்த்தி, மஃபிள் ஃபர்னஸில் 600 டிகிரியை ஒட்டிய சூட்டில் சில மணி நேரம் சுடுவார்கள். கிடைப்பது ஒரு வெள்ளைப் பொடி. பார்த்தால் சுண்ணாம்புத்தூள் மாதிரி இருக்கும். அதற்குள் கந்தக அமிலத்தின் வேலையைச் செய்யும் திறன் இருக்கிறது.

சிர்கோனியத்தின் தாய்க்கனிமமான சிர்கான் குமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் கிடைக்கிறது. அங்கேயே கிடைக்கும் இல்மனைட்டிலிருந்து டைட்டானியம் டையாக்சைடு வருகிறது, அது சன்ஸ்கிரீனில் நேரடியாகவே சேரும் பொருள். இந்த மணலை எடுப்பது குறித்து அந்தக் கடலோர மக்களுக்குக் கவலைகள் உண்டு. அவற்றையும் மதித்துக் கேட்க வேண்டும். சிர்கோனியம் மண்ணிலிருந்து வருவதால்தான் ஒருமுறை எடுத்ததைப் பல நூறு முறை பயன்படுத்தும் அக்கறை நமக்கு வேண்டும் என்கிறேன்.

இங்கே வேதியியல் படிக்கும், கற்பிக்கும் அன்பர்களோடு தனியாகச் சில வார்த்தை. திட அமிலங்களைப் பற்றிய ஆய்வுக் கட்டுரைகளில் ‘ஐந்து முறை மறுபயன்பாடு செய்தோம், விளைச்சல் பெரிதாகக் குறையவில்லை’ என்ற வகை வாக்கியம் அடிக்கடி கண்ணில் படுகிறது. அந்த வாக்கியத்தின் பின்னால் என்ன இருக்கிறது என்று பார்த்துப் பழகுங்கள். ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும் வினையை எட்டு மணி நேரம் ஓடவிட்டால், வினையூக்கியின் பாதித் திறன் போன பிறகும் விளைச்சல் முழுதாகவே தெரியும். வினை பாதி வழியில் இருக்கும்போது வேகத்தை அளந்து, முதல் முறைக்கும் ஐந்தாம் முறைக்கும் ஒப்பிட்டால்தான் உண்மை தெரியும்.

இன்னொரு சோதனை, சூட்டோடு வடிகட்டுவது. வினை நடந்துகொண்டிருக்கும்போதே, ஆறவிடாமல், திடப்பொருளை வடிகட்டி எடுத்துவிட்டு மிஞ்சிய திரவத்தை அதே சூட்டில் வைத்திருக்க வேண்டும். வினை அதோடு நின்றால் திட அமிலம்தான் வேலை செய்தது. வடிகட்டிய பிறகும் தொடர்ந்தால் அமிலம் பொடியிலிருந்து கரைந்து திரவத்துக்குப் போய்விட்டது என்று பொருள். அப்படியானால் அது திட வேடம் போட்ட கந்தக அமிலமே. சல்ஃபேட் ஏற்றிய பொருள்களில் இந்த ஆபத்து உண்டு. எஸ்டர் உருவாகும்போது வெளிவரும் தண்ணீரே அமில இடங்களை அடைத்துவிடுவதும் உண்டு. ஆகையால் தண்ணீரை உடனுக்குடன் வெளியேற்றும் அமைப்பு தேவை. ஒவ்வொரு முறை வடிகட்டும்போதும் கொஞ்சம் பொடி வடிதாளில் ஒட்டிப் போகும். அந்த இழப்பையும் எழுதுங்கள். புதுப் பொடி சேர்த்து ஈடுகட்டியிருந்தால் அதையும் எழுதுங்கள். எந்தக் கட்டத்தில் வினையூக்கி தளர்ந்தது, எப்படி மீட்டோம் என்று சொல்லும் கட்டுரை, ‘குறையவில்லை’ என்று முடியும் கட்டுரையைவிடத் தொழிற்சாலைக்கு நூறு மடங்கு உதவும்.

தளர்வது குற்றம் இல்லை. பீட்டா ஜியோலைட்டும் தளரும். உருவான கீட்டோன் துளைகளுக்குள்ளேயே ஒட்டிக்கொள்ளப் பார்க்கும். கனத்த துணைப்பொருள்கள் உள்ளே படிந்து வழியை அடைக்கும். அனிசோலைத் தாராளமாக ஓடவிட்டால் அது கீட்டோனை அலசிக்கொண்டு வெளியேறும். அதையும் மீறிப் படிந்ததைக் காற்றில் 500 டிகிரியை ஒட்டிய சூட்டில் எரித்து நீக்கலாம். ஜியோலைட் அந்தச் சூட்டைத் தாங்கி மறுபடி வேலைக்கு வரும். அலுமினியம் குளோரைடுக்கு இந்த மறுவாழ்வு கிடையாது.

எல்லை எது என்பதையும் சொல்லியாக வேண்டும். அவோபென்சோனின் கடைசிப் படி, இரண்டு பாதிகளையும் இணைப்பது, காரத்தைக் கொண்டு நடக்கிறது. திட அமிலத்துக்கு அங்கே வேலை இல்லை. ஆக்டினாக்சேட்டைத் தயாரிக்கவும் எஸ்டராக்கும் வழியைத் தவிர வேறு வழிகள் தொழிலில் இருக்கின்றன. எரித்து மீட்கும் சூட்டுக்கும் எரிபொருள் வேண்டும். தூய்மையாகத் தயாரித்துவிட்டால் பொருளும் தூய்மையாகிவிடும் என்றும் சொல்ல முடியாது. பவளப் பாறைகளுக்குக் கேடு என்ற கவலையால் ஆக்டினாக்சேட், ஆக்சிபென்சோன் கலந்த சன்ஸ்கிரீன் விற்பனையை அமெரிக்காவின் ஹவாய் மாநிலம் 2021 ஜனவரி முதல் தடை செய்திருக்கிறது. மன்னார் வளைகுடாவில் பவளப் பாறைகளை வைத்திருக்கும் நாமும் அந்த விவாதத்தைக் கவனிக்க வேண்டும். எந்தப் பொருளைச் செய்வது என்பது ஒரு கேள்வி, செய்வதை எப்படிச் செய்வது என்பது இன்னொரு கேள்வி. இரண்டுக்கும் தனித்தனியே பதில் தேட வேண்டும்.

1992இல் ரோஜர் ஷெல்டன் ஓர் எளிய கணக்கைப் பரப்பினார். 1 கிலோ பொருள் செய்ய எத்தனை கிலோ கழிவு வந்தது? இ-காரணி என்று அதற்குப் பெயர். பெட்ரோலியச் சுத்திகரிப்பில் அது 0.1க்கும் கீழே. பெரும் அளவில் செய்யும் வேதிப்பொருள்களில் 1க்கும் கீழிருந்து 5 வரை. நுண்வேதிப் பொருள்களில் 5 முதல் 50 வரை. மருந்துகளில் 25க்கு மேலே, 100ஐயும் தாண்டும். அளவில் சின்னதாகவும் விலையில் பெரியதாகவும் இருக்கும் பொருள்களே தம் எடையைப் போல் பல மடங்கு கழிவைக் குவிக்கின்றன என்பது இந்தக் கணக்கால் வெளிச்சத்துக்கு வந்தது. 1998இல் பால் அனஸ்தாஸும் ஜான் வார்னரும் பசுமை வேதியியலின் 12 கொள்கைகளை வகுத்தபோது ஒன்பதாவதாக வினையூக்கியைத்தான் வைத்தார்கள். எடைக்கு எடை போட்டுத் தீர்ந்துபோகும் வினைப்பொருளைவிட, கொஞ்சமாகப் போட்டு மீட்டெடுக்கும் வினையூக்கி மேலானது என்பது அதன் சாரம்.

இந்தத் துறையில் நம்மவர்களின் பங்கும் பெரிது. சென்னை லயோலா கல்லூரியில் படித்துச் சென்னைப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்ற பால் ரத்னசாமி, புனேயில் உள்ள தேசிய வேதியியல் ஆய்வகத்தில் ஜியோலைட் வினையூக்கிகளை உருவாக்கிய குழுவை வழிநடத்தினார். அங்கே உருவான என்சிலைட் வகை வினையூக்கிகள் 1980களிலேயே இந்தியப் பெட்ரோகெமிக்கல் ஆலையில் வேலை செய்தன. பின்னர் அந்த ஆய்வகத்தின் இயக்குநராகவும் இருந்தார், 2001இல் பத்மஸ்ரீ பெற்றார். சென்னை ஐ.ஐ.டி.யில் வினையூக்கி ஆய்வுக்கென்றே தேசிய மையம் ஒன்று 2006 முதல் இயங்குகிறது. நம்மிடம் அறிவு இருக்கிறது, மனிதர்கள் இருக்கிறார்கள். ஆய்வகத்தில் சில கிராம் அளவில் நடப்பதைத் தொழிற்சாலையின் படுகைக்குக் கொண்டுபோகும் துணிவும் முதலீடும் இன்னும் கூட வேண்டும்.

ஆகவே, உங்களிடம் சில வேண்டுகோள்கள்.

மாணவர்களே, அடுத்த முறை எஸ்டர் செய்யும்போது விளைச்சலோடு கழிவையும் எடை போட்டுப் பதிவேட்டில் எழுதுங்கள். கழுவிய தண்ணீர் எத்தனை மில்லிலிட்டர், அதில் எவ்வளவு உப்பு என்று ஒரு பத்தி போதும். ஆசிரியர்களே, அந்தப் பத்திக்கும் மதிப்பெண் கொடுங்கள். வாய்ப்பிருந்தால் ஒரு குழுவுக்குக் கந்தக அமிலத்தையும் இன்னொரு குழுவுக்கு அமிலப் பிசின் மணிகளையும் கொடுத்து ஒரே எஸ்டரைச் செய்யச் சொல்லுங்கள். முடிவில் மேசையில் இருக்கும் இரண்டு கழிவுப் பாத்திரங்களும் பாடத்தைச் சொல்லிவிடும்.

தொழில் நடத்துவோரே, கழிவுநீர்ச் சுத்திகரிப்புக்கு ஆகும் செலவைத் தனிக் கணக்கில் எழுதாமல் அந்தக் கழிவை உண்டாக்கிய வினையின் கணக்கிலேயே எழுதிப் பாருங்கள். திட அமிலம் விலை கூடுதல் என்ற எண்ணம் அப்போதும் நிற்கிறதா என்று பாருங்கள். உங்கள் ஆலையில் இப்படி ஒரு மாற்றம் செய்திருந்தால் எங்களுக்கு எழுதுங்கள். நடந்ததை நடந்தபடி, தடுமாறிய இடங்களோடு சேர்த்து, இந்த இதழில் வெளியிடுவோம்.

வாங்குவோராகிய நாம், ஒரு பொருளின் மேல் ‘இயற்கை’, ‘பசுமை’ என்று அச்சிட்டிருப்பதோடு நின்றுவிடாமல், எப்படித் தயாரித்தீர்கள் என்று நிறுவனங்களைக் கேட்போம். முதலில் பதில் வராமல் இருக்கலாம். பத்துப் பேர் கேட்டால் யோசிப்பார்கள், ஆயிரம் பேர் கேட்டால் அச்சிடுவார்கள். 

கடிதம் எழுதிய மாணவிக்கு என் நன்றி. உங்கள் கேள்வியின் இரண்டாவது வரியைப் படிப்பு முடிந்து வேலைக்குப் போகும் இடத்திலும் கேட்டுக்கொண்டே இருங்கள். வினைக்கலனுக்கு அருகில் நிற்பவர் கேட்கும்போது அந்தக் கேள்விக்கு வலிமை அதிகம், பதிலைச் செய்து காட்டும் வாய்ப்பும் அவருக்கே அதிகம்.

அன்புடன்,
ஆசிரியர்